வாய்ப்பெட்டியின் இருமல்

ஏணி மேல் நிற்கிற வயர்மேனுக்கு இரண்டு கை போதாது. ஒரு கை ஏணியைப் பிடித்திருக்கும், இன்னொரு கை டிரில் மெஷினைப் பிடித்திருக்கும். ஸ்க்ரூவை யார் பிடிப்பது? வாய்தான் பிடிக்கும். அந்தத் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். நம் ஆள் அதில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர். இடது கடைவாயில் ஆறு ஸ்க்ரூ, வலது கடைவாயில் ஆறு பிளக். கரண்ட் பிளக்கைச் சொல்லவில்லை. சுவரில் ஓட்டை போட்டபிறகு ஸ்க்ரூ பிடித்து நிற்பதற்காக உள்ளே செருகுவார்களே, சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குழல், அதை. கை நீட்டியதும் ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி உதட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். இதைப் பார்த்து வியந்துபோன கூட்டாளிகள் அவருக்கு வாய்ப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள். அப்பா அம்மா வைத்த பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

அவர் வேலை பார்த்தது சொந்த மச்சானிடம், அதாவது மனைவியின் அண்ணனிடம். மச்சான் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர். வேலையிடத்தில் "நீ, வா, போ" என்பார். தங்கச்சி வீட்டு வாசல்படி ஏறியதும் "நீங்க, வாங்க, மாப்பிள்ளை" என்று குரல் மாறிவிடும். தங்கச்சிக்கு அண்ணன் என்றால் உயிர். அவர்களுடைய அப்பா சிகரெட் பிடித்தே செத்தவர். கடைசி எட்டு மாதம் அவர் துப்பிய சளியைப் பாத்திரத்தில் ஏந்தியது இந்தப் பெண்தான், அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அப்பா போன அன்றைக்கு, தான் சிகரெட்டைக் கையால் தொட மாட்டேன் என்று அண்ணன் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். பெண் பார்க்க வந்த வயர்மேனிடமும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?" அவர் இல்லை என்றார். அது உண்மை. கடைசிவரைக்கும் அது உண்மையாகவே இருந்தது. கதையின் கொடுமையே அதுதான்.

அண்ணனின் சத்தியம் அடுத்த வருஷமே காற்றில் போயிருந்தது. வீட்டில் தன் மனைவி சட்டைப்பையைத் துழாவுவாள் என்பதால் மச்சான் சிகரெட் பாக்கெட்டை மாப்பிள்ளையின் டூல்ஸ் பையில் போட்டு வைப்பார். வேனின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, ஒன்று மாற்றி ஒன்று ஊதுவார். இறங்கியதும் வாயில் ஏலக்காய், கையில் சோப்பு, மாற்றிக்கொள்ள வேனில் தனியாக ஒரு சட்டை. மாப்பிள்ளைக்கு மாற்றுச் சட்டை கிடையாது.

நடந்தது ஒரு துணிக்கடையில். இரண்டு நாளில் கடை திறப்பு, மேல்கூரையில் இன்னும் நாற்பது விளக்கு பாக்கி. பதினான்கு அடி ஏணியில் வாய்ப்பெட்டி நிற்கிறார். கீழே மச்சான் ஒரு கையில் ஏணியும் ஒரு கையில் சிகரெட்டுமாக நிற்கிறார். கடை முதலாளி அப்போதுதான் வந்து, விளக்கே மாட்டாத இடத்தைப் பார்த்து "வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மாப்ள, நீ ஒண்ணு பண்ணு. பல்லைக் காட்டு, முதலாளிக்கு அந்த வெளிச்சம் போதும்" என்றார் மச்சான்.

வாய்ப்பெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் நிறைய சாமானை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சிரிப்பு கேட்டுக்கொண்டா வருகிறது? உள்ளே இழுத்த மூச்சோடு ஒரு பிளக்கும் போனது. மிச்சமெல்லாம் கீழே சிதறி விழுந்தன. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண் பிதுங்க, முகம் கறுக்க, இரண்டு நிமிஷம் இருமினார். பிறகு, யாரோ சுவிட்சை அணைத்ததுபோல இருமல் நின்றுவிட்டது. இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார். மச்சான் தண்ணீர் கொடுத்தார்.

"என்ன, முழுங்கிட்டியா?"

"போயிடுச்சு மச்சான். நெஞ்சுல குத்துற மாதிரி இருந்துச்சு. இப்ப இல்ல."

"வயித்துக்குத்தான் போயிருக்கும். நாளைக்குக் காலையில தானா வந்துடும், போ. ஒண்ணு, வீட்டுல சொல்லித் தொலைக்காத. கீழ நின்னு நீ என்ன பண்ணிட்டிருந்தன்னு என்னைத்தான் குடைவா."

அவர் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எதுவும் வந்ததா என்று பார்க்கவும் இல்லை. கடை திறப்பு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஒரு வாரத்தில் மறந்தே போனார். பெரிய விஷயங்களை மறப்பதற்கு மனிதனுக்கு ஒரு வாரம் தாராளம்.

நாலு மாதம் கழித்துத்தான் இருமல் ஆரம்பித்தது. ராத்திரி படுத்தால் வரும், ஏணி ஏறினால் வரும். பிறகு காய்ச்சல் வந்தது, சளியில் நாற்றம் வந்தது. மனைவிக்கு அந்த இருமல் புதிதல்ல. பதினேழு வயதில் கேட்ட சத்தம் மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டதாகவே நினைத்தாள். துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து, காலரைத் திருப்பி மூக்கில் வைத்துப் பார்த்தாள். சிகரெட் நாற்றம் குப்பென்று அடித்தது. மறுநாளும் பார்த்தாள், அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் டூல்ஸ் பையைத் திறந்தாள். டெஸ்டருக்கும் கட்டிங் பிளேயருக்கும் நடுவில் பாக்கெட் இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

"இது யாரோடது?" என்று கேட்டாள்.

வாய்ப்பெட்டி வாயைத் திறந்திருக்கலாம். ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அவளுக்கு அண்ணன் இல்லாமல் போவார், தனக்கு வேலை இல்லாமல் போகும் என்று கணக்குப் போட்டார். "என்னோடது இல்ல. சத்தியமா நான் பிடிக்கிறதில்ல" என்றார். யாரோடது என்று மட்டும் சொல்லவில்லை. அவள் நேராக அண்ணனிடம் போய் அழுதாள். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "நான் பேசிப் பார்க்கிறேம்மா. பழகினவங்க உடனே விட முடியாது. நீ ரொம்ப நெருக்காத." இப்படி ஒரு அண்ணன் எதிரிக்கும் கிடைக்கக் கூடாது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விடுவாள். அவர் தட்டையும் சுவரையும் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். இருமினால் உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி ஆனாள்.

முதல் டாக்டர் நிமோனியா என்றார். மாத்திரையில் சரியானது, இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. இரண்டாம் டாக்டர் ஆஸ்துமா என்று, மூச்சோடு உள்ளே இழுக்கிற மருந்து கொடுத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், வலது பக்கம் கீழே வெள்ளையாக ஒரு திட்டு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. இரும்பு ஸ்க்ரூ போயிருந்தால் அன்றைக்கே பளிச்சென்று தெரிந்து தொலைந்திருக்கும். அவருடைய அதிர்ஷ்டம், வலது கடைவாயில் இருந்தது போனது.

மூன்றாம் டாக்டரிடம் மனைவியும் கூட வந்தாள். டாக்டர் பேனாவைத் திறந்தபடியே கேட்டார், "சிகரெட் உண்டா?"

"இல்ல டாக்டர்."

"உண்டு டாக்டர். ஒத்துக்க மாட்டார்" என்றாள் மனைவி.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இங்க பாருங்க, உண்மையைச் சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும். ஒரு நாளைக்கு எத்தனை?"

வாய்ப்பெட்டிக்கு அன்றைக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. உட்காரவே முடியவில்லை. இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்திருந்தது. பக்கத்தில் அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சு" என்றார்.

"எத்தனை வருஷமா?"

"பத்து."

டாக்டர் எழுதிக்கொண்டார். மனைவி அழுதாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் சாப்பிடும்போது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்பவாவது உண்மையைச் சொன்னீங்களே, அது போதும். விட்டுடுங்க. நான் கூட இருக்கேன்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். பொய் சொன்னதற்குக் கிடைத்த அந்தச் சாப்பாட்டை ரொம்ப நேரம் சாப்பிட்டார்.

அந்த அஞ்சும் பத்தும் ஃபைலில் ஏறிவிட்டன. அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஃபைல் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர்கள் முதல் பக்கத்தைப் புரட்டுவார்கள், 'புகைப்பழக்கம் உண்டு' என்று பார்ப்பார்கள், ஒரு பெருமூச்சு விடுவார்கள். தேடுவதற்கு வேறு என்ன இருக்கிறது? சளியில் கிருமி தெரியாவிட்டாலும் டிபி மருந்தையும் ஆறு மாதம் கொடுத்தார் ஒருவர். அந்த ஆறு மாதம் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்னாலிருக்கிற சாமான் அறையில் படுக்கை. மருந்து முடிந்தது, தட்டும் படுக்கையும் திரும்பி வரவில்லை. விட்டுவிட்டேன் என்று அவர் எத்தனை தடவை சொன்னாலும் இருமல் நின்றால்தானே? இருமல் நிற்கவில்லை என்றால் சிகரெட்டும் நிற்கவில்லை என்று அர்த்தம். சட்டையோ நாறுகிறது. பொய் சொல்லிச் சம்பாதித்த ஒரு மாலை நேரம் நாலு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அப்புறமும் அவர் நிஜத்தைச் சொல்லிப் பார்த்தார். "அன்னிக்கு டாக்டர்கிட்ட சொன்னதுதான் பொய்" என்றார். அவள் கும்பிட்டாள். "ஒரு தடவை உண்மை சொன்னீங்க. அதையும் கெடுக்காதீங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சொல்வது?

ஐந்தாவது வருஷம் மச்சான் அவரை ஏணியிலிருந்து இறக்கினார். மேலே நின்று இருமினால் கீழே இருக்கிறவர்களுக்கு ஆபத்தாம். வேலையிடத்துச் சாமான் அறைக்குக் காவலாக வைத்தார். பிறகு அதற்கும் வேறு ஆள் வந்தது. தங்கச்சியிடம் மட்டும், "மாப்பிள்ளை ஓய்வெடுக்கட்டும், என்னம்மா இப்ப அவசரம்" என்றார். 'தவளையும் தன் வாயால் கெடும், பாவம்' என்று வேலையிடத்தில் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி. அப்போது சொன்னது சிகரெட்டைப் பற்றியா, துணிக்கடையைப் பற்றியா என்பது அவருக்கே வெளிச்சம்.

வேலை நின்ற பிறகு சட்டையில் நாற்றமும் நின்றது. மனைவி அதைக் கவனித்தாள். வெளியே போக முடியாததால் பிடிக்க வழியில்லை என்று முடிவு கட்டினாள்.

கடைசியில் மகள்தான் அவரை இழுத்துக்கொண்டு போனாள். அப்போது அவள் சம்பாதிக்க ஆரம்பித்திருந்தாள். நெஞ்சு நோய்க்கென்றே இருக்கிற டாக்டர், மகளுக்கு அம்மா வயசுள்ள பெண்மணி. அந்த அம்மாள் ஃபைலைத் தொடவில்லை. முதலில் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது, மறுபடி வலது என்று ஐந்து நிமிஷம் கேட்டார்.

"விசில் சத்தம் வலது பக்கம் மட்டும் கேக்குது. ஆஸ்துமான்னா ரெண்டு பக்கமும் கேக்கணும்" என்றார். பிறகு ஆறு வருஷத்து எக்ஸ்ரேக்களை வெளிச்சத்தில் வரிசையாக மாட்டினார். எல்லாவற்றிலும் அந்த வெள்ளைத் திட்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. "என்ன வேலை பார்த்தீங்க?"

"வயர்மேன்."

"வேலை பண்ணும்போது வாயில ஏதாவது வைப்பீங்களா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா பேரே வாய்ப்பெட்டி, டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எப்பவாவது ஏதாவது உள்ள போயிருக்கா? புரையேறி, பயங்கரமா இருமி?"

அவர் யோசித்தார். ஆறு வருஷத்துக்கு அடியிலிருந்து துணிக்கடை மெல்ல மேலே வந்தது. "ஒரு தடவை ஒரு பிளக் போச்சு. ஆனா அது வயித்துக்குத்தான் போச்சு."

"யார் சொன்னது?"

"மச்சான்."

"மச்சான் டாக்டரா?"

டாக்டர் இப்போதுதான் ஃபைலைத் திறந்தார். "சிகரெட் அஞ்சு, பத்து வருஷம்னு போட்டிருக்கே."

"பிடிச்சதே இல்ல டாக்டர்."

"அப்ப இது யார் சொன்னது?"

"நான்தான்."

டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். வலது நுரையீரல் குழாயை ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது அதில் தெரிந்தது.

மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். சதை வளர்ந்து மூடியிருந்ததாம், பிய்த்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனதாம். சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். பச்சை நிறம் போய்க் கறுத்திருந்தது. ஆனால் பக்கவாட்டில் இருக்கிற பல் பல்லான வரிகள் அப்படியே இருந்தன. சுவரில் நழுவாமல் பிடித்துக்கொள்வதற்காகச் செய்த வரிகள், நெஞ்சிலும் நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தன.

"முதல் வருஷத்துல வந்திருந்தா முழுசா சரியாயிருக்கும். இப்ப வலது நுரையீரல்ல கீழ்ப்பகுதி கெட்டுப்போச்சு. அது திரும்பாது. இருமல் குறையும், காய்ச்சல் குறையும். ஏணி வேண்டாம்" என்றார் டாக்டர்.

பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். சாட்சியாகக் கொண்டுவந்தார். மனைவி அதை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். மகள் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். மனைவி பாட்டிலைத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

"அப்ப அந்தப் பாக்கெட்?" என்றாள்.

இப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருஷம் மூடியிருந்த வாய்க்கு அது பழகிப்போயிருந்தது.

மறுநாள் மச்சான் பழப்பையோடு பார்க்க வந்தார். "என்ன மாப்பிள்ளை, எப்படி இருக்கீங்க?" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணில் பாட்டில் பட்டது. எடுத்துக் குலுக்கினார். என்ன சொல்கிறோம் என்று யோசிக்கக்கூட இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நம்ம பிளக்கு! அந்தத் துணிக்கடையில முழுங்கினியே, அதுவாடா இது? நான் கீழ நின்னு ஏதோ சொன்னேன், நீ மேல நின்னு கெக்கேன்னு சிரிச்ச!"

டீயோடு வந்த மனைவி கதவருகிலேயே நின்றாள். தன் வீட்டுக்குள் அண்ணன் தன் கணவரை 'நீ' என்றும் 'டா' என்றும் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை.

"உனக்குத் தெரியுமா அண்ணா?"

"தெரியும்னா... வயித்துக்குப் போச்சுன்னுதான்மா நினைச்சோம். யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு? அப்பவே டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேனே. இல்லையா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி டீயை மேஜையில் வைத்தாள். அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றாள். குனிந்து, அவருடைய சட்டைக் காலரை இரண்டு விரலால் திருப்பி மூக்கில் வைத்தாள். மச்சான் விலகப் பார்த்தார். அன்றைக்கு அவர் வரும் வழியில் வேனில் ஊதிவிட்டு நேராக வந்திருந்தார்; சட்டை மாற்றவில்லை.

"போயிடு" என்றாள். குரல் எழும்பவே இல்லை. மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்து எழுந்தார். டீ ஆறிப்போனது.

அவர் போன பிறகு அவள் கணவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கோபமா அழுகையா என்று தெரியாத முகம்.

"அண்ணனைக் காட்டிக் கொடுக்கல, சரி. அன்னிக்கு டாக்டர்கிட்ட எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? அதாலதானே யாருமே தேடல? அந்தப் பொய்யைச் சொல்லலைன்னா..."

வாய்ப்பெட்டி நியாயமாக ஒரு காரணம் கண்டுபிடிக்கப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"நீ பேசி ஒரு வருஷம் ஆயிருந்துச்சு" என்றார். "அதைச் சொன்ன அன்னிக்குத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உட்கார்ந்த."

அவள் எழுந்து உள்ளே போனாள். சாமான் அறையிலிருந்த அவருடைய படுக்கையைச் சுருட்டிக் கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டாள். தனித் தட்டைக் குப்பையில் போட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் கேட்காமலே இரண்டு தடவை பரிமாறினாள். அவள் கண் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

காலையில் அவர் எழுந்து வாசல் பக்கம் வந்தபோது அவள் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் போட்டிருந்த அவருடைய சட்டை கையில் இருந்தது. அவர் பார்க்கப் பார்க்க, கை தானாகக் காலரைத் திருப்பியது, மூக்கு தானாகக் குனிந்தது.

பாதியில் நிமிர்ந்தவள், அவர் நிற்பதைப் பார்த்தாள். சட்டையை வாளிக்குள் போட்டு, முழங்கைவரை தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றும் பார்க்காதவர்போல உள்ளே திரும்பி வந்து இருமினார்.